உருளைக்கிழங்கு வறுவலில் பகல் வெளிச்சம்

செவ்வாய்க்கிழமை, எனக்கு வார விடுமுறை
பகல் பன்னிரண்டரை மணி

பெருமதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

உடன்பிறந்தவன் எழுதிக்கொள்வது. நான் நலம். தங்கள் முழங்காலும் அத்தானின் இரத்த அழுத்தமும் நலமா என்று விசாரிப்பது முறை, விசாரித்துவிட்டேன். கோபமாக எழுதும்போது 'தாங்கள்', 'தங்கள்' என்று போட்டால் ஒரு விறைப்பு இருக்கும் என்று நினைத்துத்தான் தொடங்கினேன். ஐம்பத்திரண்டு வருஷப் பழக்கம், மூன்று வரிக்கு மேல் வரவில்லை. நீ என்றே எழுதுகிறேன். விறைப்பை நீயே சேர்த்துப் படித்துக்கொள்.

கைப்பேசி இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்பாய். கடந்த வியாழக்கிழமை இரவு எட்டு மணி பதினோரு நிமிடத்துக்கு, 'இன்றிரவு நம் வீட்டில்' என்ற நம் குடும்பக் குழுவிலிருந்து என்னை நீக்கினாய். அதற்கப்புறம் உன்னை ஏழு முறை அழைத்தேன். ஆறு முறை நீ எடுக்கவில்லை. ஏழாவது முறை அத்தான் எடுத்து, "அக்கா தூங்குறா மச்சான்" என்றார். பின்னாலிருந்து நீ, "நான் தூங்குறேன்னு சொல்லிட்டீங்களா?" என்று கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஆகவே காகிதம். இதை நீக்க முடியாது. கிழிக்கலாம், ஆனால் முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்து தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள் ஒரு தாளைக் கடைசி வரி வரை படிக்காமல் கிழிக்க மாட்டாள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

குழுவை ஆரம்பித்தது நீ. விதிகளை எழுதியதும் நீ. நான் ஒரு எழுத்தும் சேர்க்கவில்லை. முதல் விதி, ஒவ்வொரு வீட்டிலும் இரவுக்கு என்ன சமைத்தாலும் ஏழரை மணிக்குள் படம் எடுத்துக் குழுவில் போட வேண்டும். இரண்டாவது, படத்தில் இருப்பது அப்போதுதான் அடுப்பிலிருந்து இறங்கியதாக இருக்க வேண்டும். காலையில் செய்ததும் கடையில் வாங்கியதும் கூடாது. மூன்றாவது, படத்தின் கீழே நல்ல வார்த்தை மட்டுமே எழுத வேண்டும். இந்த மூன்றாவது விதியால் என்ன ஆயிற்று தெரியுமா? வாழ்நாளில் வெந்நீர்கூட வைத்தறியாத அத்தான் தினமும் ஒரு பப்பாளியை நறுக்கி 'இன்று என் கைவண்ணம்' என்று போடுகிறார், எல்லோரும் இதயம் போடுகிறார்கள். எண்பத்தொரு வயதுச் சித்தப்பா தட்டை எடுக்கப்போய்த் தன் கட்டைவிரலைப் படமெடுத்துப் போட்டார். அந்தக் கட்டைவிரலுக்கு எட்டு இதயம். நான் வைத்த பருப்புக்கு இரண்டு. அதில் ஒன்று நானே போட்டது.

மூன்றாவது விதியை நான் மீறினேன், ஒப்புக்கொள்கிறேன். என் வேலை அப்படி. இருபத்தாறு வருஷமாகப் பெயின்ட் தொழிற்சாலையில் நிறம் பொருத்துகிறேன். நாலு பக்கமும் சாம்பல் பூசிய ஒரு பெட்டிக்குள் இரண்டு தகடுகளை வைத்து, பகல் வெளிச்சம், குழல்விளக்கு, மஞ்சள் பல்பு என்று விளக்கை மாற்றி மாற்றிப் பார்த்து, இரண்டும் ஒன்றா இல்லையா என்று சொல்ல வேண்டும். ஒன்று போல இருக்கிறது என்று மனசறிந்து பொய் சொன்னால் ஊரில் யாரோ ஒருவர் வீட்டுச் சுவர் பாதி ஒரு நிறமும் பாதி வேறு நிறமுமாக நிற்கும். அப்படிப்பட்டவன் கண் முன்னால் நீ உன் கீரையைப் போட்டாய். 'மூன்று நிமிடம் அதிகம் வெந்திருக்கிறது' என்று எழுதினேன். அவ்வளவுதானே எழுதினேன்? "என் கீரை, என் அடுப்பு, உனக்கு என்னடா?" என்று நீ பொங்கினாய். அன்றைக்கே அத்தான் எனக்குத் தனியாக அனுப்பினார்: "நீ சொன்னது சரி மச்சான். ஆனா நான் இங்கதான் சாப்பிட்டாகணும்." இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்றார். சொல்லிவிட்டேன். என்னை நீக்கியபோது அவர் ஒரு வார்த்தை பேசவில்லையே, அதற்காக.

இப்போது சட்டிக்கு வருகிறேன். அம்மா போன பிறகு சமையலறையை ஒழித்தோமே, அன்றைக்கு அந்த இரும்புச் சட்டியை நான் கேட்டேன். "ஆம்பளைக்கு எதுக்குடா சட்டி?" என்று சொல்லி அதைத் தம்பி மனைவி கையில் கொடுத்தாய். எனக்குச் சுவர்க்கடிகாரம் தந்தாய். பெரியவனுக்குப் பெரிய பொருளாம். அது என் வீட்டு ஆணியில் ஏறிய அன்றே நின்றது. அம்மா கடைசியாகப் படுக்கையில் இருந்த ஏழு மாசமும் அந்தச் சட்டியில் சமைத்தது யார்? நான். "உப்பு குறைச்சல்" என்று அவள் சொன்னபோதெல்லாம் மறுபடி அடுப்பை மூட்டியது யார்? நான். இதையெல்லாம் அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஒன்பது வருஷமாகத் தம்பி வீட்டுப் படி ஏறவில்லை. இரண்டு பஸ் நிறுத்தம்தான். அவர்கள் சின்னப் பெண்ணுக்கு ஒன்பது வயது. அவள் என்னைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். பிடிவாதம் என்பாய். ஆமாம், பிடிவாதம்தான். அதுவும் அம்மா கொடுத்ததுதான். அதை மட்டும் நீ யாருக்கும் பிரித்துக் கொடுக்க முடியவில்லை.

வியாழக்கிழமை நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஏழு மணி இருபத்திரண்டுக்குச் சின்னவள், அதாவது உன் அருமைத் தம்பி மனைவி, உருளைக்கிழங்கு வறுவல் போட்டாள். அதே சட்டியில். அதற்கு நீ மூன்று இதயம் போட்டு, 'இந்தப் பொன்னிறத்தைப் பார்த்து எல்லாரும் கத்துக்கணும்' என்று எழுதினாய். யார் அந்த எல்லாரும்? பப்பாளிக்குப் பொன்னிறம் கற்றுத்தர வேண்டியதில்லை. கட்டைவிரலுக்கும் வேண்டியதில்லை. ஓரம் கருகிய முட்டையை ஐந்து நிமிடம் முன்னால் போட்டவன் நான் ஒருவன்தான். சரி, அப்படி என்ன பொன்னிறம் என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உருளைக்கிழங்கில் ஒரு குற்றம் இல்லை. அதுதான் என்னை மேலும் எரிச்சலாக்கியது. அப்போது பார்த்தேன், எண்ணெயின் மினுமினுப்பில் ஒரு நீலச்சாயல். குழல்விளக்குக்கு அது வராது. பக்கத்தில் கிடந்த கரண்டியைப் பெரிதாக்கினேன். கரண்டிக் குழிக்குள் ஒரு ஜன்னல், ஜன்னலுக்குள் வெள்ளை வெளேரென்று வானம். இரவு ஏழேகாலுக்கு வானம் எங்கிருந்து வந்தது? பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். நாற்பத்தொரு படம். ஞாயிற்றுக்கிழமைப் படங்கள் நீங்கலாக எல்லாம் பகல் ஒரு மணி வெளிச்சம்.

இரண்டாவது விதி மீறப்பட்டிருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்? தொழிற்சாலையில் செய்வதைத்தான் செய்தேன். படத்தில் நீலச்சாயலைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம், கரண்டியைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டு, 'ஆய்வின் முடிவு: ஏற்கத்தக்கதல்ல. காரணம்: வெளிச்சம். பரிந்துரை: இன்றிரவு உண்மையில் என்ன சமைக்கப்பட்டது என்பதைத் தெரிவிக்கவும்' என்று ஏழு நாற்பதுக்குப் போட்டேன். மரியாதையான நடைதானே? ஒரு கெட்ட வார்த்தை உண்டா?

பத்தொன்பது நிமிடம் குழுவில் சத்தமே இல்லை. சித்தப்பாவின் விரல்கூட வரவில்லை. பிறகு சின்னவள் எழுதினாள். "ஆமா மாமா. பகல்ல செஞ்சதுதான். சாயங்காலம் நாலு மணிக்கு நான் வேலைக்குப் போயிடறேன், ஆஸ்பத்திரியில போன் எடுக்கற வேலை. பதினோரு மணிக்குத்தான் திரும்புவேன். அஞ்சு மாசமாச்சு. பிள்ளைங்க மத்தியானம் செஞ்சு வெச்சதைச் சாப்பிட்டுப் படுத்துடும். சொல்லாம இருந்ததுக்கு எல்லாரும் மன்னிச்சிருங்க."

அடுத்து தம்பி அழைத்தான். அவன் கம்பெனி மூடிவிட்டதும், வேறு ஊரில் வேலை கிடைத்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் வீட்டுக்கு வருகிறான் என்பதும் எனக்கு அந்த நிமிடம் வரை தெரியாது. "அக்காவுக்குத் தெரிஞ்சா ஆபரேஷன் பண்ணின காலை இழுத்துக்கிட்டுப் பெட்டியோட வந்து நிப்பா. அதனாலதான் மறைச்சோம். உனக்குக் கண்ணு மட்டும்தாண்ணே இருக்கு" என்றான். வைத்துவிட்டான். அடுத்து நீ. "ஏன்டா, வறுவலைப் பாருடான்னா ஜன்னலைப் பார்த்தியா?" என்றாய். விதியை எழுதியது நீதானே என்றேன். "எதுக்குடா எழுதினேன்? தனியா இருக்கறவன் ராத்திரி அடுப்பு மூட்டறானா, இல்ல பட்டினியாப் படுக்கறானான்னு தெரிஞ்சுக்க எழுதினேன். அந்தக் குழுவே உனக்காகத்தான்டா. கேட்டா நீ சொல்ல மாட்டே, அதனால ஊரையே படம் போட வெச்சேன்" என்றாய். அப்புறம் எட்டு பதினொன்று.

எனக்காக ஆரம்பித்த குழுவிலிருந்து என்னை நீக்கியிருக்கிறாய். இதில் உள்ள அழகை நீ ரசிக்க வேண்டும் என்பதற்காகவே தனி வரியில் எழுதுகிறேன்.

நான் சொன்னதில் பொய் உண்டா? இல்லை. வெளிச்சம் பகல் வெளிச்சமா? ஆமாம். என்னைக் கண்காணிக்க நீ குழு வைத்தால் அது பாசம், நான் ஒரு கரண்டியைக் கண்காணித்தால் கொலைக்குற்றமா? இரண்டு பெண்பிள்ளைகள் ஆறிப்போனதைச் சாப்பிடுகிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? படத்தில் வெளிச்சம் தெரியும், வயிறு தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருப்பேனா என்று நீ கேட்கக் கூடாது. நான் அதை யோசித்துப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை முழுக்கவும் சனிக்கிழமை பாதியும் யோசிக்காமல்தான் இருந்தேன்.

நீக்கியதால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. வெள்ளிக்கிழமை காளான் வதக்கினேன். ஏழரைக்குக் கைப்பேசியில் நான் வைத்திருக்கும் மணி அடித்தது. படம் எடுத்தேன். எடுத்த பிறகுதான் அனுப்ப ஆள் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. ஆனால் விரல் கேட்க வேண்டுமே, பட்டியலில் மேலே இருந்த குழுவை அழுத்திவிட்டது. அது எங்கள் தொழிற்சாலை நிறப்பிரிவுக் குழு. மேலாளர், 'எந்த பேட்ச்? யார் அனுமதித்தது?' என்று கேட்டார். உதவியாளர் ஒருத்தி, 'பழுப்பு சரி சார், சிவப்பு கொஞ்சம் குறைக்கலாம்' என்று எழுதினாள். அவள் சொன்னது சரிதான், அது வேறு விஷயம். சனிக்கிழமை தட்டை எடுத்துக்கொண்டு கீழே போய்க் காவலாளியிடம் காட்டினேன். "நான் சாப்பிட்டாச்சு சார்" என்றார். சாப்பிடச் சொல்லவில்லை, பாருங்கள் என்றேன். பார்த்தார். "சாப்பாடு சார்" என்றார். ஞாயிற்றுக்கிழமை படம் எடுப்பதா வேண்டாமா என்று யோசித்ததில் சோறு ஆறிவிட்டது. நேற்று சமைக்கவில்லை. ரொட்டி. ரொட்டியை யார் படம் எடுப்பார்கள்? இதையெல்லாம் நான் வருத்தத்தில் எழுதவில்லை, தகவலுக்காக எழுதுகிறேன்.

ஆகவே என் தரப்பு இது. நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, உன்னிடமும் இல்லை, சின்னவளிடமும் இல்லை. குழுவில் என்னை நீயே திரும்பச் சேர்க்க வேண்டும். சேர்த்த பின், 'இரண்டாவது விதிப்படி மூத்தவன் சொன்னது சரியே' என்று எல்லோரும் பார்க்க எழுத வேண்டும். மூன்று வார்த்தைக்கு மேல் பாராட்ட வேண்டாம். சட்டி விஷயத்தில் உன் தயவை எதிர்பார்த்து ஒன்பது வருஷம் காத்திருந்தது போதும். இதைத் தபாலில் சேர்க்க இன்றைக்கே போகிறேன். தபால்பெட்டிக்குப் போகிற வழியில்தான் தம்பி வீடு. படி ஏறி, மணி அடித்து, சட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தை அதிகம் பேசாமல் இறங்கிவிடுவேன். பெட்டியை நாலு மணிக்குத் திறந்து எடுப்பார்கள். அதற்குள் முடிந்துவிடும்.

உன் முழங்கால் விரைவில் மடங்கட்டும். கூடவே உன் பிடிவாதமும் மடங்கட்டும். அத்தானுக்கும் பப்பாளிக்கும் என் அன்பு. சித்தப்பாவின் கட்டைவிரலுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
நீக்கப்பட்ட,
ஆனால் தவறு செய்யாத,
உன் தம்பி

பின்குறிப்பு: இருபத்து மூன்று நாள் கழித்து, வியாழக்கிழமை.

இந்தக் கடிதம் அன்றைக்குத் தபாலில் சேரவில்லை. இவ்வளவு நாளும் என் பைக்குள்தான் இருந்தது. முதல் பக்கத்தில் எண்ணெய்க் கறை இருக்கும், பொருட்படுத்தாதே.

அன்றைக்கு நான் போனபோது சின்னவள் சாவிக்கொத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். சாவியை எடுத்துவிட்டு, "மாமா, சண்டைன்னா ஞாயித்துக்கிழமை வாங்க. இப்ப பஸ் போயிடும்" என்றாள். சண்டைக்கு வரவில்லை, சட்டிக்கு வந்தேன் என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை அவள். "அடுப்பு மேல இருக்கு, எடுத்துக்கங்க. உள்ள பிள்ளைங்களுக்கு ராத்திரிக்கு வெச்சிருக்கேன், அதை மட்டும் வேற பாத்திரத்துல மாத்திடுங்க" என்று சொல்லிப் படியிறங்கி ஓடிவிட்டாள். ஒன்பது வருஷமாக நான் தயாரித்து வைத்திருந்த பதில் ஒன்றுக்கும் அங்கே வேலை இல்லை. மாற்றுவதற்குப் பாத்திரம் தேடினேன். கிடைத்தது. ஆனால் சட்டியைத் தூக்காமல் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். நாலு மணி தாண்டியது எனக்குத் தெரியாது.

பள்ளிக்கூடம் விட்டுப் பெண்கள் வந்தார்கள். சின்னது என்னை மேலும் கீழும் பார்த்து, "நீங்கதானே மூணு நிமிஷம் பெரியப்பா?" என்றது. அந்த வீட்டில் என் பெயர் அதுதானாம். சட்டியை எடுத்துப் போகிறேன் என்று சொன்னதும், "அப்ப ஏழு மணிக்கு அக்கா எதுல சூடு பண்ணுவா? வேற எதுலயாவது பண்ணினா மறுபடி கையைச் சுட்டுக்குவா" என்றது. பெரியவள் சட்டென்று கையைப் பின்னால் மறைத்தாள். எனக்குக் கண் மட்டும்தான் இருக்கிறது, ஆனால் அந்தக் கண்ணில் அது பட்டுவிட்டது. சரி, இன்றைக்கு மட்டும் நானே சூடு பண்ணித் தருகிறேன் என்று உட்கார்ந்தேன். சூடு பண்ணியதில் அடிப்பிடித்தது. புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று.

முதல் ஷிப்ட் மூன்று மணிக்கு முடிகிறது. மூன்றரைக்கு நான் அங்கே இருக்கிறேன். ஞாயிறு அவளுக்கு விடுமுறை. அன்றைக்கு வெங்காயம் நறுக்குவது மட்டும் என் பொறுப்பு. முதல் ஞாயிற்றுக்கிழமை, வெங்காயத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு, அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "கண்ணைத் துடைச்சுக்கங்க மாமா, அடுத்தது தக்காளி" என்றாள். ஏழேகாலுக்குப் பெண்கள் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்புகிறார்கள். அவள் இடைவேளையில் அதைக் குழுவில் போடுகிறாள். இரண்டாவது விதி முழுமையாகக் கடைப்பிடிக்கப்படுகிறது என்பதைக் கவனிக்கவும்.

சமையலுக்கு ஒரு ஆள் கிடைத்திருக்கிறார் என்று சின்னவள் உன்னிடம் சொன்னாள் அல்லவா? பெயர் சொல்லாதே என்று நான்தான் கேட்டுக்கொண்டேன், அப்போது கோபமாக இருந்தேன். போன வாரம் உருளைக்கிழங்கு வறுவலுக்குக் கீழே நீ எழுதியதைச் சின்னது எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டியது. 'இப்பதான் நிறம் சரியா வந்திருக்கு. ஆள் கைதேர்ந்தவர், விட்டுடாதே. நம்ம மூத்தவனுக்கெல்லாம் இது ஏழு ஜென்மத்துக்கும் வராது.' நாலு இதயம். எண்ணினேன். முப்பத்திரண்டு வருஷம் விடைத்தாள் திருத்தியவளுக்கு, எல்லாப் படத்திலும் சட்டியின் பிடி இடது பக்கம் திரும்பியிருப்பது தெரியவில்லையே? நம் வீட்டில் இடதுகைக்காரன் எத்தனை பேர்?

மேலே கேட்ட எதுவும் வேண்டாம். சட்டி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், நான்தான் அங்கே போகிறேனே. குழுவிலும் என்னைத் திரும்பச் சேர்க்காதே. சேர்த்தால் ஏழரைக்கு நானும் ஒரு படம் போட வேண்டியிருக்கும். என் வீட்டில் இப்போது இரவில் அடுப்பு மூட்டுவதில்லை.

கீரை பற்றி நான் சொன்னதை மட்டும் திரும்பப் பெறவில்லை. மூன்று நிமிடம் அதிகம்தான்.